ஒரு விரற்கடை

அருளப்பனுக்கு வயது நாற்பத்தாறு. வாலிபால் பயிற்சியாளராக இருபது வருடம் தொண்டை கிழியக் கத்தியவர். அந்த வயதில், தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவளான செண்பகவல்லியிடம் வேலை கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார். நெல்லைப் பக்கத்து விளையாட்டு விடுதி ஒன்றில் அவள் பிசியோதெரபிஸ்ட். "படிக்க வந்துட்டா நானும் மாணவன்தான்" என்று அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். சொல்லும்போது அடக்கத்தைவிடப் பெருமைதான் கூடுதலாகத் தெரியும்.

அவள் முதலில் கற்றுக்கொடுத்தது தோள் சோதனை. பந்தை ஓங்கி அடிப்பவர்களின் தோள் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பது. மேசை ஓரத்தில் குப்புறப் படுக்க வேண்டும். தொங்கும் கையில் ஒரு கிலோ எடை. போனில் ஓடும் 'டிக்' சத்தத்துக்குச் சரியாகக் கையைப் பக்கவாட்டில் தூக்கி, குறுக்கே கட்டிய கயிற்றைத் தொட்டு இறக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு தடவை கயிறு தொடாவிட்டால் சோதனை முடிந்தது. அணியில் ஆட முப்பது வேண்டும்.

அருளப்பன் எண்ண, ஜெபக்கனி இருபத்துநான்கு வரை தொட்டாள்.

எட்டாம் வகுப்பிலிருந்து அவர் வளர்த்துவிட்ட பெண் அவள். இருபத்தைந்தாவது தடவை கை கயிற்றுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. அடுத்த தடவையும் அப்படியே. அவர் பார்க்கத்தான் செய்தார். ஒரு விரற்கடைதானே என்று மனசு சமாதானம் சொன்னது. எண்ணிக்கொண்டே போய் முப்பத்தொன்றில் நிறுத்தினார். அவள் எழுந்து முகமெல்லாம் சிரிப்பாகக் கும்பிட்டபோது அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பத்தாம் நாள் வெளியூரில் ஒரு போட்டி. மூன்றாவது செட்டில், சர்வீஸ் போட ஓங்கிய ஜெபக்கனியின் கை பாதியிலேயே நின்றது. ஆறு வாரம் பந்தைத் தொடக்கூடாது என்று ஆகிவிட்டது. மாநில அணித் தேர்வுக்கோ நான்கே வாரம். அருளப்பனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை செண்பகவல்லியின் அறைக்குப் போனார். அவள் அப்போதுதான் ஜெபக்கனியின் தோளைப் பார்த்து அனுப்பியிருந்தாள்.

"மேடம், முப்பத்தொண்ணு செஞ்ச தோளு மூணாவது செட்டுலயே எப்படி விழும்? இந்தச் சோதனையிலயே ஏதோ கோளாறு இருக்கு."

"இருக்கலாம் சார். படுங்க, பாத்துருவோம்."

"நானா?"

"நீங்களும் பந்தடிச்ச கைதானே."

வேறு வழியில்லாமல் படுத்தார். டிக் சத்தம் ஓடியது. பதினெட்டு வரை கை கயிற்றைத் தொட்டது. அதற்குமேல் முடியவில்லை.

"பத்தொம்பது" என்றாள். தொடவில்லை.

"இருபது." அதுவும் தொடவில்லை. அப்பாடா என்று கையைத் தொங்கவிட்டார்.

"இருபத்தொண்ணு" என்றாள் செண்பகவல்லி. குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

அருளப்பனின் கை தானாக மேலே போனது.

"இருபத்திரெண்டு. இன்னும் கொஞ்சம் சார். இருபத்துமூணு."

தோள்பட்டை எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். கை பாதி உயரத்தைத் தாண்டவில்லை. அவள் எண்ணுவதை விடவில்லை. இருபத்தேழில் எடை நழுவித் தரையில் விழுந்தது.

தோளைப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்தார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன மேடம் இது! பத்தொம்பதுலயே கை கயித்தத் தொடல. ஒங்களுக்குத் தெரியலியா?"

"தெரிஞ்சுது. ஒங்களுக்கும் தெரிஞ்சுதுல்லா?"

"தெரிஞ்சுது."

"பெறகு ஏன் சார் நிறுத்தல?"

"நீங்க எண்ணிக்கிட்டே இருந்தீங்கல்லா!"

அவள் குனிந்து எடையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ஜெபக்கனியும் இதத்தான் சொன்னா, சார்."