மரக்கிளியும் காட்டுச் சட்டமும்

கருங்காலிக் காட்டில் செவந்தான் என்றொரு குரங்கு இருந்தது. கைவேலையில் படு கெட்டிக்காரக் குரங்கு. அது மரத்தைக் குடைந்து, நார் கட்டி, பிசின் ஒட்டி ஒரு கிளி செய்தது. அந்த மரக்கிளி காதில் விழுந்ததையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டது. யார் எதைக் கேட்டாலும் உடனே பதில் சொன்னது.

“பலா எங்கே பழுத்திருக்கிறது?” என்று கரடி கேட்டது.

“கிழக்குச் சரிவில்!” என்றது மரக்கிளி. கரடி போய் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தது.

அன்று முதல் மரக்கிளியைக் கேட்காமல் யாரும் எங்கும் போவதில்லை. நரி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. கேள்வி கேட்க வருகிறவர்கள் நரிக்கு ஒரு நண்டோ முட்டையோ கொடுக்க வேண்டும்!

கோடை வந்தது. ஓடை வற்றியது. மருதி என்ற புள்ளிமான் தன் குட்டியோடு ஓடி வந்தது.

“தண்ணீர் எங்கே இருக்கிறது?”

“தாமரைக் குளத்தில்! நிறைய இருக்கிறது!” என்றது மரக்கிளி.

குளத்தில் சேறுதான் இருந்தது. மேலே காய்ந்து தரைபோலத் தெரிந்தது. துள்ளி ஓடிய குட்டி கழுத்துவரை புதைந்துவிட்டது. மருதியின் அலறலைக் கேட்டு யானை வந்து, குட்டியைத் துதிக்கையால் இழுத்துக் கரையில் போட்டது. குட்டி உயிர் பிழைத்தது, ஆனால் பின்னங்கால் ஒன்று முறிந்துபோனது.

விலங்குகள் கூடின.

“இதை மிதித்து நொறுக்கிவிடுகிறேன்!” என்றது யானை.

“ஐயோ, வேண்டாம்! பலாவுக்கு நான் எங்கே போவேன்?” என்றது கரடி.

“நான் செய்ததோடு சரி. பேசியது கிளி!” என்றது செவந்தான்.

“நம்பியது மான்!” என்றது நரி.

மருதி நேராக மரக்கிளியிடம் போனது.

“குளத்தில் தண்ணீர் இருப்பதாக யார் சொன்னது?”

“கொக்கு.”

“எப்போது?”

“மழைக்காலத்தில்.”

“இன்று இருக்கிறதா என்று உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“பிறகு ஏன் இருக்கிறது என்றாய்?”

“நீ கேட்டாய். பதில் சொல்லத்தானே என்னைச் செய்திருக்கிறார்கள்!”

மருதி கூட்டத்தின் பக்கம் திரும்பிச் சொன்னது: “இதை நொறுக்க வேண்டாம். இப்படியே விடவும் கூடாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல இதைப் பழக்குங்கள். யார் சொன்னது, எப்போது சொன்னது என்பதையும் சேர்த்தே சொல்லட்டும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயமென்றால், கழுகு முதலில் பறந்து போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.”

“அப்படியும் தப்பு நடந்தால்?” என்று யானை கேட்டது.

“செய்தவனும் பதில் சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து முட்டை வாங்கியவனும் பதில் சொல்ல வேண்டும்!”

செவந்தான் தலைகுனிந்து ஒப்புக்கொண்டு, கிளியை அப்படியே பழக்கத் தொடங்கியது. நரிக்குக் கோபம் வந்துவிட்டது.

“இத்தனை சட்டம் போட்டால் கிளி ஊமையாகிவிடும்! எனக்கு இந்தத் தொல்லையே வேண்டாம்!” என்று கத்தியது. செவந்தான் செய்து, பழக்காமல் ஒரு மூலையில் போட்டிருந்த இன்னொரு மரக்கிளியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

சில நாளில் மூங்கில் உரசிக் காட்டில் தீப்பிடித்தது. எல்லோரும் மரக்கிளியிடம் ஓடினார்கள்.

“வடக்குப் பாதையைக் கழுகு இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தது. அங்கே தீ இல்லை. மேற்குப் பாதையைப் பற்றி எனக்குத் தெரியாது!” என்றது மரக்கிளி.

எல்லோரும் வடக்கே ஓடித் தப்பித்தார்கள். நொண்டிக் குட்டியை யானை தூக்கிக்கொண்டது.

நரியும் தன் கிளியைக் கேட்டது. “மேற்கே போ! அருமையான வழி!” என்றது அது. நரி மேற்கே பாய்ந்தது. வழி நெடுக நெருப்பு! கிளி எரிந்து சாம்பலானது. வாலும் ஒரு காதும் கருகிய நரி, ஊளையிடக்கூடத் தெம்பில்லாமல் மற்ற விலங்குகளிடம் வந்து சேர்ந்தது.

அறிவுள்ள கருவியைப் படைத்தால் மட்டும் போதாது. அது பிறருக்குத் தீங்கு செய்யாதபடி வரம்பு வகுப்பதும், தவறு நேர்ந்தால் பொறுப்பேற்பதும் படைத்தவர் கடமை.