தெய்வானையைக் கூப்பிட்ட குரல்

பெரியவர்களை எல்லாம் காய்ச்சல் கொண்டுபோன பிறகு, ஊரில் மிஞ்சிய பிள்ளைகள் பஸ் டிப்போவில் குடியேறினார்கள். ஓடாத பஸ்கள்தான் வீடு. பதினாலு வயது சந்தனமாரிதான் அவர்களுக்குக் குரு, சமையல்காரி, நீதிபதி எல்லாம்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வரும் பிள்ளை, தன் அம்மா தன்னைச் சாப்பிட எப்படிக் கூப்பிடுவாள் என்று மாரியிடம் சொல்லிவிட வேண்டும். பொழுது சாய்ந்ததும் மாரி பஸ் படியில் நின்று ஒவ்வொருவரையும் அப்படியே கூப்பிடுவாள். கஞ்சி வெறும் தண்ணியாக இருந்தாலும் பிள்ளைகள் விழுந்தடித்து ஓடிவரும்.

தெய்வானை மட்டும் மனமில்லாமல் காலை இழுத்துக்கொண்டு வருவாள். அவளுக்கு அம்மாவின் குரல் மறந்துபோயிருந்தது. வந்த அன்று வெட்கப்பட்டு, "என் கண்ணே, ராசாத்தி" என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்திருந்தாள். அதைக் கேட்கும்போதெல்லாம் வேறு யாருடைய சோற்றையோ தின்பதுபோல இருந்தது.

ஒருநாள் தாங்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்.

"அக்கா, நான் சொன்னது பொய். எங்கம்மா எப்படிக் கூப்புடுவான்னு நெனப்பே வரல. முகம் இருக்கு, சத்தம் போயிட்டு. அத எங்க போய்த் தேடுவேன்?"

மாரி கரண்டியை அவள் கையில் கொடுத்தாள். "எனக்குத் தொண்ட கட்டியிருக்கு. இன்னைக்கு நீ கூப்புடு" என்றாள், கணீரென்று.

"நான் என்ன கேக்கேன், நீங்க என்ன சொல்லுதீங்க?"

"கஞ்சி ஆறுது, தெய்வான."

தெய்வானை படியேறி, அவரவர் அம்மா கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள். எல்லோரும் வந்தார்கள். ஐந்து வயது பொன்சிங் மட்டும் எதிர் பஸ்ஸின் கூரையில் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்றான்.

"செல்லக்குட்டி, வாப்பா" என்று அவன் அம்மா மாதிரி கெஞ்சிப் பார்த்தாள். நாக்கைத் துருத்திக் காட்டினான். தெய்வானைக்குப் பசி, ஆத்திரம் இரண்டும் சேர்ந்து பொங்கின.

"ஏலே! இப்ப எறங்கி வாரியா, நான் ஏறி வரட்டா? வந்தேன், முதுகுத் தோலு முதுகுல இருக்காது, பாத்துக்கோ!"

பையன் சறுக்கிக்கொண்டு இறங்கி ஓடிவந்தான்.

தெய்வானை படியிலேயே நின்றுவிட்டாள். வேப்பமரக் கிளையில் தான் உட்கார்ந்திருக்க, கீழே ஈரக்கையை இடுப்பில் ஊன்றி நின்றுகொண்டு அண்ணாந்து கத்தியவளின் குரல் அது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாரி கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றி வைத்தாள்.

"அங்கயே நின்னா எப்படி? உங்கம்மா கூப்புடுதா. சாப்புட வாட்டி."