திவானின் காலி இலை

செங்குளம் ஜமீன் பள்ளிக்கூடத்தில் தையல்நாயகி என்றொரு வாத்தியாரம்மா இருந்தாள். பட்டணம் போய் மேல்தேர்வு எழுதும் ஆசிரியர்களுக்கு அரண்மனையே செலவு கொடுக்கும், தேறி வந்தால் சம்பளமும் உயரும் என்று ஜமீன்தார் தண்டோரா போட்டார். அவள் மகிழ்ச்சியோடு திவான் சபாபதியிடம் போய் நின்றாள்.

பணப்பெட்டியைத் திறப்பதென்றால் திவானுக்கு உயிரே போய்விடும். "முதலில் தேறிய சான்றிதழைக் கொண்டு வா. அப்புறம் செலவைத் தருகிறேன்" என்றார்.

"பணம் கட்டாமல் தேர்வு எழுத விடமாட்டார்களே, ஐயா!"

"அது உன் பாடு."

பணம் கட்டும் கெடு நெருங்க நெருங்க அவளுக்குத் தூக்கமே இல்லை. அந்தச் சமயத்தில் பள்ளி ஆண்டுவிழா வந்தது. விருந்துக்கு ஜமீன்தாரும் திவானும் உட்கார்ந்தார்கள். தையல்நாயகிதான் பரிமாறினாள். எல்லார் இலையிலும் சோறு விழுந்தது, திவான் இலையைத் தவிர.

"எனக்கு எங்கே சோறு?" என்று உறுமினார் திவான்.

"முதலில் வயிறு நிறைந்த ஏப்பம் ஒன்று விடுங்கள், ஐயா. அப்புறம் போடுகிறேன்."

"சாப்பிடாமல் ஏப்பம் எப்படியம்மா வரும்?" என்று கேட்டார் ஜமீன்தார்.

"தேர்வே எழுதாமல் சான்றிதழ் வரும் என்கிறாரே திவான் ஐயா! அது வருகிற வழியில் இதுவும் வரட்டுமே, மகாராஜா."

நடந்ததை விசாரித்த ஜமீன்தார் புரையேறச் சிரித்தார். "திவானே, முதலில் அந்தம்மா கையில் பணம் விழட்டும். பிறகு உம் இலையில் சோறு விழும்" என்றார்.

பாயசம் ஆறுவதற்குள் பணம் வந்து சேர்ந்தது. நெஞ்சுப் பாரம் இறங்கிய தையல்நாயகி, திவானுக்கு நெய்யைத் தாராளமாகவே ஊற்றினாள். மறுநாள் அவள் பட்டணத்து வண்டியில் ஏறியபோது, இத்தனை நாளும் திவானுக்குப் பயந்து வாய் திறக்காத மூன்று வாத்தியார்களும் செலவுப் பணத்தை வாங்கிக்கொண்டு கூடவே ஏறினார்கள்.