நாலு பேர் மாத்திய ஒயர்

மேலப்பொட்டல் தேன்சிட்டு இன்னிசைக் குழுவில் மொத்தம் நாலு பேர். நாலு பேருக்கும் சேர்த்து மூளை எவ்வளவு இருக்கும் என்று இதுவரை யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. நாமும் பார்க்க வேண்டாம், பாவம்.

பாடுகிறவர் செல்லையா. மூத்தவர், அதனால் எதையும் கண்ணை மூடிக்கொண்டுதான் யோசிப்பார். சில சமயம் குறட்டையும் வரும். கீபோர்டு எபனேசர், டிரம்ஸ் கொம்பையா, கிட்டார் மாசானம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் புது மைக் வாங்கினார்கள். அதற்குக் கட்டிய ரிப்பனை செல்லையா ஒருத்தரே வெட்டிவிட்டார். மற்ற மூன்று பேரும் ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. கச்சேரி நடந்தது, பேச்சுதான் இல்லை. அதற்குப் பிறகு ஒரு சட்டம் போட்டார்கள். குழுவில் எந்த வேலையானாலும் நாலு பேரும் ஆளுக்கொரு தடவை செய்ய வேண்டும். ஒரு தடவை கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

அதனால் அவர்கள் டீயில் நாலு மடங்கு சர்க்கரை இருக்கும். அவர்கள் அடித்த ஆணி சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கும்.

ஒத்திகை நடக்கும் பழைய உரக் கிடங்கையும் நாலு பேரும்தான் பூட்டுவார்கள். செல்லையா சாவியை வலப்பக்கம் திருப்புவார். அதற்கு மேல் வலப்பக்கம் திரும்பாது என்பதால் எபனேசர் இடப்பக்கம் திருப்புவார். கொம்பையா வலப்பக்கம். மாசானம் இடப்பக்கம். பிறகு நாலு பேரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். காலையில் வந்தால் கதவு திறந்தே கிடக்கும். ஹார்மோனியம் போனது அப்படித்தான்.

"நாலு பேர் பூட்டியும் நிக்க மாட்டேங்கு. ஒருத்தன் பூட்டினா என்ன கதி ஆகியிருக்கும்" என்று செல்லையா வருத்தப்படுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னால் கமிட்டித் தலைவர் பூதத்தான் அண்ணாச்சி ஆள் அனுப்பினார். அரிசி ஆலை வைத்திருப்பவர். சிரித்தால் ஆலை நின்றுவிடும் என்று நினைக்கிறவர்.

"செல்லையா, போன வருஷம் அந்த ஆத்தங்கரைப் பாட்டுல என்ன நடந்துச்சு?"

"கைதட்டுனாங்க அண்ணாச்சி."

"கொசு அடிச்சாங்கவே. இக்கரையில ஒருத்தன் கூப்பிடுதான், அக்கரையில ஒருத்தி பதில் சொல்லுதா. ரெண்டும் கிட்டார்லதான் வருது. அவன் சத்தம் தடியா இருக்கட்டும். அவ சத்தம் தூரத்துல இருந்து மெலிசாக் கேக்காண்டாமா? ரெண்டும் ஒரே மாதிரி தடியா இருந்தா அக்கரையிலயும் ஒரு பயதான் நிக்கான்னு நினைப்பாங்களா மாட்டாங்களா? எங்க அத்தை இன்னைக்கு வரைக்கும் கேக்கா, அந்த ரெண்டு பயலுவளும் எதுக்குவே அப்படிக் கத்துதானுவன்னு."

செல்லையா கண்ணை மூடினார். அண்ணாச்சி காத்திருக்கவில்லை.

"இந்த வருஷமும் அக்கரைச் சத்தம் மெலிசா வரலைன்னா கிட்டாரை நிப்பாட்டிருவோம். எல்லாச் சத்தமும் கீபோர்டுலயே வருதாம்லா. மூணு பேர் போதும்."

மாசானத்துக்கு அன்று டீ இறங்கவில்லை, அவ்வளவு சர்க்கரை போட்டும். கிட்டாரை விட்டால் அவனுக்கு வேறு வேலை தெரியாது. கிட்டாரும் முழுசாகத் தெரியும் என்று சொல்ல முடியாது.

நாகர்கோவிலில் கிட்டார் பழுது பார்க்கிற தங்கசுவாமியைப் போனில் பிடித்தார்கள். நாலு பேரும் ஆளுக்கொரு தடவை "ஹலோ" சொல்லி முடிக்கும்வரை அவர் பொறுமையாக இருந்தார்.

"கம்பிக்குக் கீழ ரெண்டு காந்தக் கட்டை இருக்குல்லா, பிக்கப்னு சொல்லுவோம். ரெண்டும் சேர்ந்து ஒரே பக்கமா தள்ளுறதுனால சத்தம் தடியா வருது. கிட்டாரோட முதுகுல உள்ள மூடியைத் திறங்க. ஒரு பிக்கப்புக்கு மட்டும் கறுப்பு ஒயர் இருந்த இடத்துல வெள்ளையையும், வெள்ளை இருந்த இடத்துல கறுப்பையும் வச்சு ஈயம் பத்த வைங்க. அப்புறம் ஒண்ணு தள்ளும்போது மத்தது இழுக்கும். சத்தம் மெலிஞ்சு, மூக்கால பேசுற மாதிரி ஆயிரும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"ரெண்டு விஷயம். கழட்டுறதுக்கு முன்னாடி கண்டிப்பா ஒரு போட்டோ எடுத்துக்குங்க. ஈயப் புகை ஆகாது, அதனால ஜன்னலைத் திறந்து வச்சுக்குங்க."

கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. உரம் எதற்கு வெளியே எட்டிப் பார்க்கப் போகிறது? ஆனால் சொன்னதைச் செய்யாமல் இருக்க முடியுமா? கொம்பையா வீட்டு ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து எடுத்துவந்து கிடங்குச் சுவரில் சாய்த்து, நாலு கதவையும் ஆளுக்கொன்றாகத் திறந்து வைத்தார்கள். ஜன்னல் இருந்த ஓட்டை வழியாகக் கொம்பையா மனைவி என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது.

அடுத்தது போட்டோ. குளித்து, பவுடர் போட்டு, ஸ்டூடியோவுக்குப் போனார்கள். கிட்டாரை நடுவில் நாற்காலியில் உட்கார வைத்து, பின்னால் நாலு பேரும் நின்றார்கள்.

"யாருக்குங்க கல்யாணம்?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"கல்யாணம் இல்ல. ஒயர் மாத்தப்போறோம்" என்றான் எபனேசர்.

அவர் சிரித்த சிரிப்பில், இவர்களைச் சிரிக்கச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

ஒருவழியாக வேலை தொடங்கியது. செல்லையா கறுப்பு இருந்த இடத்தில் வெள்ளையையும் வெள்ளை இருந்த இடத்தில் கறுப்பையும் வைத்துப் பற்ற வைத்தார். எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்து எபனேசர் முறை. அவனும் கறுப்பு இருந்த இடத்தில் வெள்ளையையும் வெள்ளை இருந்த இடத்தில் கறுப்பையும் வைத்தான். பிறகு கொம்பையா. கடைசியாக மாசானம், இது தன் பிழைப்பு என்பதால் கூடுதல் கவனத்தோடு.

வாசித்தால் அதே தடிச் சத்தம்.

தங்கசுவாமிக்குப் போன் போட்டார்கள். "மாத்துனீங்களா?" என்றார்.

"எல்லாரும் மாத்திட்டோம்."

"நல்லாப் பாத்து இன்னொரு தடவை மாத்துங்க."

இன்னொரு தடவை என்றால் இன்னும் நாலு. மறுநாளும் நாலு. ஒயர் தேய்ந்து தேய்ந்து கம்மல் கொக்கி நீளத்துக்கு வந்துவிட்டது. கடைசியில், முதலில் எது எங்கே இருந்தது என்ற சந்தேகமே வந்துவிட்டது.

"அதுக்குத்தானவே போட்டோ" என்றார் செல்லையா.

போட்டோவை எடுத்துப் பார்த்தார்கள். நாலு பேரும் கிட்டாரும் அழகாக இருந்தார்கள். ஒயர் தெரியவில்லை.

"அண்ணே, ஒயர் கிட்டாருக்கு முதுகுல இருக்கு. இது முன்பக்கம்" என்றான் கொம்பையா.

"அப்போ போட்டோவைத் திருப்பு."

திருப்பினார்கள். ஸ்டூடியோ முத்திரை இருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்தார்கள்.

மறுநாள் எபனேசர் கொழுந்தியாள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று பாளையங்கோட்டை போய்விட்டான். மற்ற மூன்று பேரும் முறைப்படி ஒயரை மாற்றினார்கள். மாசானம் கம்பியைத் தட்டினான். மெலிந்து, மூக்கடைத்து, அக்கரையிலிருந்து கேட்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மூன்று பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சாயங்காலம் எபனேசர் கேக்கோடு வந்து, தன் முறை பாக்கி என்று உட்கார்ந்து மாற்றினான். சத்தம் போயே போய்விட்டது.

"ஒன் கைதாம்லே கோளாறு" என்றான் கொம்பையா.

"என் கையா? நாளைக்கு நீ வெளிய நில்லு, பாப்போம்."

கொம்பையா வெளியே நின்றான். மெலிசுச் சத்தம் வந்தது. உள்ளே வந்து மாற்றினான். போனது. செல்லையா வெளியே நின்றார். வந்தது. உள்ளே வந்தார். போனது.

செல்லையா கண்ணைத் திறந்தார். "தனித்தனியாப் பாத்தா யார் மேலயும் குத்தம் இல்ல. நாலு பேரா இருக்கோம் பாரு, அதான் குத்தம். ஒருத்தர் போயாகணும்."

மாசானம் எழுந்தான்.

"அண்ணாச்சி சொன்ன மாதிரி நானே போயிருதேன். நான் போனா கிட்டாராவது நல்லா இருக்கும்."

எபனேசர் மூக்கை உறிஞ்சினான். கொம்பையா, "போயிட்டு, வாசிக்க மட்டும் வந்துருவியாலே?" என்றான்.

"வந்துருதேன்."

மாலை போட்டு, அந்தப் போட்டோவை நினைவுப் பரிசாகக் கொடுத்து, பஸ் ஸ்டாப் வரை போய் வழியனுப்பினார்கள். திரும்பி வந்து மூன்று பேரும் ஒயரை மாற்றினார்கள். மெலிசுச் சத்தம் வந்தது. பஸ் வருவதற்குள் ஓடிப்போய் மாசானத்தைக் கூட்டிவந்தார்கள். அவன் மாலையோடு கிட்டாரைத் தூக்கினான்.

"ஒரு நிமிஷம். வெளி ஆளு நம்ம கிட்டாரைத் தொடலாமா?" என்றான் எபனேசர்.

"கூடாது" என்றார் செல்லையா.

"இவன் தொட்டிருக்கான். அப்போ குழு ஆளுதானே?"

"ஆமா."

"குழு ஆளுன்னா இவன் முறை என்னாச்சு?"

மாசானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னை மறுபடி சேர்த்துக்கொண்டார்களே. அந்தக் கண்ணீரோடு உட்கார்ந்து ஒயரை மாற்றினான். தடிச் சத்தம் திரும்பி வந்தது.

இந்த நிலைமையில் கொடையும் வந்துவிட்டது. மதியச் சாப்பாடு முடிந்து பந்தல் நிறைய ஜனம். ஆத்தங்கரைப் பாட்டு. இக்கரைச் சத்தம் நன்றாகத் தடியாக வந்தது. அடுத்து அக்கரை. அண்ணாச்சி முதல் வரிசையில் அத்தையோடு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

செல்லையா மைக்கில், "அக்கரைக்குப் போக கொஞ்ச நேரமாகும். எல்லாரும் மோர் குடிங்க" என்றார்.

மேடையிலேயே கிட்டாரைக் குப்புறப் போட்டு மூடியைத் திறந்தார்கள். ஈயம் பற்ற வைக்கும் கோலைச் சூடாக்கினார்கள். செல்லையா மாற்றினார். எபனேசர் மாற்றினான். கொம்பையா மாற்றினான். மாசானம் மாற்றினான். தட்டிப் பார்த்தான். தடி.

அண்ணாச்சி மேடையேறிவிட்டார். "என்னலே பண்ணுதிய? பாட்டுக்கு நடுவுல கிட்டாருக்கு ஆபரேஷனா?"

மாசானம் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கப் போனான். செல்லையா அவன் சட்டையைப் பிடித்தார். கண்ணை மூடாமலே யோசித்தார், வாழ்க்கையில் முதல் தடவையாக.

"ஒருத்தரைக் குறைச்சாத்தானா நாலு கெடும்? ஒருத்தரைக் கூட்டினாலும் கெடும்லா?"

மைக்கை எடுத்தார். "நம்ம பூதத்தான் அண்ணாச்சி இந்த நிமிஷத்திலிருந்து தேன்சிட்டுக் குழுவோட அஞ்சாவது உறுப்பினர்."

ஜனம் கைதட்டியது. தட்டிய ஜனத்துக்கு முன்னால் அண்ணாச்சி என்ன செய்வார்? மாலை வேறு போட்டுவிட்டார்கள், மாசானத்துக்குப் போட்ட அதே மாலை. கோலைக் கையில் கொடுத்து, "கறுப்பு இருக்க இடத்துல வெள்ளை, வெள்ளை இருக்க இடத்துல கறுப்பு, அவ்வளவுதான்" என்றார்கள். அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றினார்.

மாசானம் கம்பியைத் தொட்டான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மூக்கால் பேசுகிற மாதிரி மெலிசாக வந்தது சத்தம். அத்தை எழுந்து, "வந்துட்டாளே மகராசி" என்றாள்.

அண்ணாச்சி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நான் செஞ்சதாவே?"

"நீங்கதான் அண்ணாச்சி."

"கிட்டாரு இருக்கட்டும்" என்றார் அண்ணாச்சி. ஆலை நின்றதா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை, ஆனால் அவர் சிரித்தார்.

மூன்றாவது சரணத்தில் மறுபடி இக்கரை. அஞ்சு பேரும் வரிசையில் நின்றார்கள். ஏழு நிமிஷப் பாட்டு மூன்றரை மணி நேரம் ஓடியது. மோர் தீர்ந்து பானகம் வந்தது.

பாட்டு முடிந்ததும் அஞ்சு பேரும் கிட்டாரைக் கிடங்கில் வைத்துவிட்டு முறைப்படி பூட்டினார்கள். வலப்பக்கம், இடப்பக்கம், வலப்பக்கம், இடப்பக்கம். கடைசியில் அண்ணாச்சி வலப்பக்கம். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகக் கதவு பூட்டிக்கொண்டது. "பெரிய மனுஷன் கை பட்டாலே தனிதான்" என்றார் செல்லையா. கைராசி இப்படி இருக்கும்போது காசிக்கும் போய் வந்துவிடலாம் என்று அண்ணாச்சி மறுநாள் விடியற்காலை ரயிலேறிவிட்டார். வர ஒரு மாதம் ஆகும்.

காலையில் நாலு பேரும் ஒத்திகைக்கு வந்தார்கள். செல்லையா சாவியை இடப்பக்கம் திருப்பினார். எபனேசர் வலப்பக்கம். கொம்பையா இடப்பக்கம். மாசானம் வலப்பக்கம். தள்ளிப் பார்த்தார்கள். கதவு அசையவில்லை.

"கிட்டாரு உள்ள மாட்டிக்கிட்டே" என்றான் மாசானம்.

"பதறாதலே. கதவு இல்லைன்னா ஜன்னல்" என்றார் செல்லையா.

கொம்பையா வீட்டுக்கு ஓடினார்கள். இரண்டு நாள் முன்னால்தான் திருப்பி மாட்டிய ஜன்னலை மறுபடி சட்டத்தோடு பெயர்த்துவந்து, கிடங்கின் வெளிச்சுவரில் சாய்த்தார்கள். ஆளுக்கொரு கதவாக நாலையும் திறந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணே, எவனோ ஜன்னலுக்குப் பின்னால சுவர் கட்டியிருக்கான்" என்றான் எபனேசர்.

"ஒரே ராத்திரியிலயா?"

"ஈரம்கூட இல்ல. கெட்டிக்காரக் கொத்தன்."

மாசானம் மட்டும் ஜன்னலுக்குள் தலையை விட்டு, சுவரில் காதை ஒட்டிவைத்துக் கேட்டான். கொஞ்ச நேரத்தில் அவன் முகம் மலர்ந்தது. மற்றவர்களைப் பேசாமல் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினான்.

"கிட்டாரு பத்திரமா உள்ளதான் இருக்கு" என்றான். "கேட்டுப் பாருங்க, சத்தமே இல்ல. இவ்வளவு மெலிசா அது என்னைக்குமே இருந்ததில்ல."

நாலு பேரும் ஆளுக்கொரு தடவை கேட்டுவிட்டு, திருப்தியாக வீட்டுக்குப் போனார்கள்.