கேரட் என்று சொல்லக்கூடாத நாடு

முன்பு ஒரு தேசத்தில், கேரட் என்று சொன்னவரை எல்லைக்கு வெளியே விரட்டினார்கள்.

அந்தக் கிழங்கும் அதன் பெயரும் ஒரே கப்பலில் வந்தவை. ராஜாவின் ஒரே மகள் வடிவுக்கு அது உயிர். தான் பாதி கடித்துவிட்டு, பெயரைச் சொல்லி அழைத்து, மீதியைத் தன் குதிரை மின்னிக்கு ஊட்டுவாள். ஐந்து வயதில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள்.

"அந்தச் சொல் இனி என் காதில் விழக்கூடாது. குடிகள் எவரும் அதை உச்சரிக்கலாகாது" என்று ராஜா ஆணையிட்டார். சந்தையில் பெண்கள், "செவப்பா, மண்ணுக்குள்ள வெளையுமே, அது வேணுமாக்கா?" என்று விற்றார்கள்.

மின்னி பட்டினி கிடந்தது. அந்த அழைப்பைக் கேட்டால்தான் அது வாய் திறக்கும் என்பது அரண்மனையில் எல்லோருக்கும் தெரியும். அழைக்கத்தான் ஆளில்லை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

தளவாய் அனந்தப்பருக்கு விகடகவி முத்திருளன்மேல் வெகுநாள் பொறாமை. "மகாராஜா, மின்னியை உண்ணவைக்க நம் முத்திருளனால் ஆகாதா?" என்று பணிவாகக் கேட்டார்.

"நாளை அது உண்ண வேண்டும், முத்திருளா. இல்லையேல் உனக்கு என் சபையில் இடமில்லை" என்றார் ராஜா.

சொன்னால் நாடு போகும், சொல்லாவிட்டால் வேலை போகும். தளவாய் மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் சபையே லாயத்தில் கூடியது. முத்திருளன் கேரட் கூடையோடு வந்து நின்றான்.

"அரசே, எந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்று ஆணையில் இல்லையே! வாய் தவறிவிடக்கூடாது பாருங்கள். தளவாய் அவர்களே, அது என்ன சொல்?"

"அதுவா? கே..." தளவாய் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"பாவம், அவருக்கும் மறந்துவிட்டது. ஆணை குடிகளுக்குத்தான். குடியல்லாதவர் இங்கே ஒருவர்தான் இருக்கிறார்."

ராஜா குதிரையைப் பார்த்தார். பிறகு மெல்ல, "கேரட்" என்றார்.

குதிரை திரும்பவில்லை.

"குழந்தை அப்படியா சொல்வாள், அரசே?" என்றான் முத்திருளன்.

ராஜா கூடையிலிருந்து ஒன்றை எடுத்துப் பாதி கடித்தார். மீதியை நீட்டினார்.

"மின்னிக் குத்தி, கேலத்து... இந்தா, கேலத்து."

மின்னியின் காது நிமிர்ந்தது. தள்ளாடி வந்து அவர் கையிலிருந்து தின்றது.

கிரீடம் வைத்தவர் மழலை பேசியதற்குச் சிரிக்க யாருக்கும் தைரியமில்லை. ராஜாவே முதலில் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். ஆணையை நீக்கினார். தம் முத்துமாலையைக் கழற்றி முத்திருளனுக்குப் போட்டார்.

"தளவாயாரே, இனித் தினமும் காலையில் நீரே இதற்கு ஊட்டும். நான் சொன்ன மாதிரியே சொல்லி."

மறுநாள் விடிந்ததும் லாயத்திலிருந்து கட்டைக் குரல் ஒன்று கேட்டது: "கேலத்து... இந்தா, கேலத்து."

மாடத்தில் ராஜா, லாயத்துப் பக்கம் நெடுநாளாக மூடிக்கிடந்த சாளரத்தைத் திறந்து வைத்தார்.