நாலு மீனுக்கு எதற்கு இவ்வளவு பெரிசு

“ஸ்கிம்மரில் ஒரு சொட்டு நுரை இல்லை, நீ ஒழுங்காகக் கழுவியிருந்தால் வந்திருக்காதா?” வீட்டுவேலை செய்யும் செசிலியிடம் மூன்றாவது தடவையாகக் கத்தினார் டாக்டர் தேவசகாயம்.

கடல்மீன் தொட்டியின் அழுக்கை நுரையாக வெளியே தள்ளும் இயந்திரம் அது. சின்னது போதும் என்று மனைவி சொல்லச் சொல்லக் கேளாமல், கடையில் இருந்ததிலேயே பெரியதாகப் பார்த்து வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் நுரை வராவிட்டால் வீட்டுவேலைக்கு வேறு ஆள் பார்ப்பாராம்.

“வந்துடும் சார்,” என்றாள் செசிலி. “இன்னும் நாற்பது மீன் வாங்கி விடுங்க. நாலு மீன் அழுக்கு இதுக்குப் பல்லுல ஒட்டக்கூடக் காணாது.”

டாக்டர் முறைத்தார். அவள் பரணில் கிடந்த பழைய சின்ன ஸ்கிம்மரை இறக்கி மாட்டினாள். ஞாயிறு காலை அதன் கோப்பை நிறையப் பழுப்பு நுரை.

டாக்டருக்குப் பின்னால், காபியோடு அவர் மனைவி வந்து நின்றதைச் செசிலி பார்த்தாள். டாக்டர் பார்க்கவில்லை.

“செசிலி, இதை அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே.”