வாலுக்குப் பின்னால ஒரு ஓட்டு

ஆலங்குட்டையில தண்ணி வத்திக்கிட்டே வந்துச்சு. தவளை, நண்டு, ஆமை, கொக்கு, நீர்க்காகம்னு எல்லாரும் மிச்சமிருந்த சேத்துத் தண்ணியில ஒருத்தர ஒருத்தர் இடிச்சுக்கிட்டுக் கெடந்தாங்க.

கோடை வந்தா எல்லாரும் மலையடி ஏரிக்குப் போயிடுவாங்க. நடுவுல மரமே இல்லாத பெரிய பாறை. அதத் தாண்ட, முன்னால நடந்து வழிகாட்ட ஒரு தலைவர் வேணும். அதுக்குத் தேர்தல் உண்டு. யாரப் பிடிச்சிருக்கோ அவங்க வாலுக்குப் பின்னால போய் நின்னா ஓட்டு. எந்த வாலுக்குப் பின்னால கூட்டம் ஜாஸ்தியோ, அந்த வாலப் பாத்துக்கிட்டே ஊரே நடக்கணும்.

போன கோடையில மயில் ஜெயிச்சுச்சு. கொள்கை கிள்கை ஒண்ணும் கெடையாது. வாலு பெருசு. பின்னால ஜில்லுனு நெழலு! மொத்தத் தவளைக் கூட்டமும் அங்கதான் போய் நின்னுச்சு.

பாதி வழியில வானத்துல ஒரு மேகம் வந்துச்சு. மயிலு பாத்துச்சு. தோகைய விரிச்சுச்சு. ஆடுச்சு. ஆடுச்சு. ஆடிக்கிட்டே இருந்துச்சு. பின்னால நின்னவங்க பாறையில காஞ்சாங்க. தவளையக்காவோட அந்த வருஷத்துக் குஞ்சுங்க ஒண்ணுகூட ஏரி போய்ச் சேரல.

இந்தக் கோடையில அக்காவுக்கு இன்னொரு கவல. தண்ணி சீக்கிரமே வத்திடுச்சு. குட்டையில இருக்கிற குஞ்சுங்களுக்கு இன்னும் காலே முளைக்கல. எல்லாம் வாலாட்டிக்கிட்டுத் திரியிற தலப்பிரட்டைங்க.

"இந்தத் தடவ நல்ல தலைவராப் பாக்கணும்டி"ன்னு அக்கா சொல்லிக்கிட்டே இருந்துச்சு.

அப்பதான் கூழைக்கடா எந்திரிச்சுச்சு. நாலு தேசம் பறந்த பறவை. மேல் அலகு கத்தி மாதிரி, கீழ் அலகுல தொங்குற பை மூட்டை மாதிரி. அது தொண்டையக் கனைச்சா குட்டையே ஒரு தடவ குலுங்கும்.

"க்ர்ர்ஹூம்! அன்பார்ந்த நீர்வாழ் பெருமக்களே! சென்ற ஆண்டு நிழலுக்கு வாக்களித்தீர்கள். விளைவு என்ன? வேதனை! ஆகவே இனி, அறிவுத் தேர்வில் தேறியவர்களுக்கு மட்டுமே வாக்குரிமை!"

நண்டு, தவளையக்கா காதுகிட்ட வந்துச்சு. "யக்கா, இந்தாளு என்ன சொல்றாரு?"

"நமக்கு ஓட்டு இல்லங்கிறாரு."

"அத இவ்வளவு அழகாவா சொல்றாரு!"

அக்காவால எதுத்துப் பேச முடியல. போன வருஷம் நெழல்ல நின்னதுல அதுவும் ஒண்ணு. தலையக் குனிஞ்சுக்கிச்சு.

பரீட்சை ஆரம்பிச்சுச்சு.

"முதல் வினா! மேகத்திற்கு மேலே என்ன இருக்கிறது?"

"மழை!"ன்னுச்சு தவளையக்கா. "மேல இருந்தாத்தானே கீழ விழும்?"

"தவறு!"

"இன்னொரு நண்டு?"ன்னு நண்டு இழுத்துச்சு.

"தவறு! தவறு! இரண்டாம் வினா! மலைக்கு அப்பால் எத்தனை ஏரிகள்?"

ஆமை கண்ண மூடி யோசிச்சுச்சு. "வந்து..."ன்னுச்சு. எல்லாரும் காத்திருந்தாங்க. "வந்து..."ன்னுச்சு மறுபடியும்.

"நேரம் முடிந்தது!"

பாஸ் ஆனது யாரு? கொக்கு, நீர்க்காகம், நாரை. றெக்கை இருக்கிறவங்க மட்டும். அவங்க வரிசையாப் போய்க் கூழைக்கடா வாலுக்குப் பின்னால நின்னாங்க. அந்த வாலு இத்துனூண்டுதான். ஆனாலும் ஜெயிச்சாச்சு!

"என் வாலைப் பின்தொடருங்கள்! வெற்றி நமதே!"ன்னு கூழைக்கடா ரெண்டு றெக்கையையும் விரிச்சுச்சு. பறந்துச்சு. பாஸானவங்களும் பறந்தாங்க.

மிச்சப் பேரு அண்ணாந்து பாத்தாங்க. வாலு சின்னதாச்சு. புள்ளியாச்சு. காணாமப் போச்சு.

"இப்ப என்னக்கா பண்றது?"ன்னு நண்டு கேட்டுச்சு.

"தலைவரோட வாலப் பாத்துக்கிட்டே நடக்கணும்."

"எங்க இருக்கு வாலு?"

அக்கா குனிஞ்சு பாத்துச்சு. தலப்பிரட்டைங்க இருந்த பள்ளத்துல தண்ணி இன்னும் கொஞ்சம் எறங்கியிருந்துச்சு.

அங்க மலையடி ஏரியில கூழைக்கடா எறங்குச்சு. ஒரு மேட்டுல ஏறி நின்னுச்சு. "க்ர்ர்ஹூம்! அன்பார்ந்த..."ன்னு ஆரம்பிச்சுத் திரும்பிப் பாத்தா, கொக்கு ஒரு பக்கம் மீன் பிடிக்குது. நீர்க்காகம் ஒரு பக்கம் றெக்கை காய வைக்குது.

"நான் தலைவர்! எனக்குப் பின்னால் நில்லுங்கள்!"

"நாங்க எதுக்குண்ணே நிக்கணும்?"ன்னுச்சு கொக்கு. "எங்களுக்கு வழி தெரியும். தலைவர் வேணும்கிறவங்க அங்கல்ல கெடக்காங்க!"

கூழைக்கடா கொஞ்ச நேரம் தண்ணியில தன் மூஞ்சியவே பாத்துச்சு. அப்புறம் உச்சி வெயில்ல ஆலங்குட்டைக்கே திரும்பி வந்துச்சு.

வந்து பாத்தா, அங்க மயிலு நிக்குது! தோகைய விரிச்சுக்கிட்டு, "வாங்க வாங்க, நெழலு வேணுமா?"ன்னு குழையுது. வெயில் தாங்காம பாதித் தவளைங்க ஏற்கனவே வாலுக்குப் பின்னால போய் ஒட்டிக்கிச்சு.

"அடியே, நில்லுங்கடி!"ன்னு அக்கா கத்துச்சு. "நெழலு எங்க வேணா கெடைக்கும். நிக்கிறதுக்கு முன்னால ஒரு கேள்வியாச்சும் கேளுங்கடி! நாம யாருமே இதுவர கேட்டதில்ல!"

"என்ன கேக்கணும்?"

அக்கா மயில்கிட்ட தத்திப் போச்சு. "தம்பி, ஏரி வர்ற வரைக்கும் நிக்காம எங்களுக்கு முன்னாலயே நடப்பியா?"

"நடப்பேனே!"ன்னுச்சு மயிலு. அப்புறம் வானத்தப் பாத்துக்கிச்சு. "மேகம் வரலைன்னா."

பின்னால இருந்த தவளைங்க ஒவ்வொண்ணா நழுவ ஆரம்பிச்சுச்சு.

அக்கா கூழைக்கடா பக்கம் திரும்புச்சு. "நீங்க எப்படிங்கய்யா? பறக்காம நடப்பீங்களா? என் புள்ளைங்களுக்குக் காலு இல்ல. உங்க வாய்ப் பையில தண்ணி மொண்டு அதுங்கள வெச்சு, எங்க கண்ணு முன்னாலயே கொண்டு வருவீங்களா?"

"முழுங்கிட மாட்டீங்களே?"ன்னு நண்டு குறுக்க பூந்துச்சு.

கூழைக்கடா மேடைப் பேச்சுக்கு வாயத் தொறந்துச்சு. மூடிக்கிச்சு. "நடப்பேன்"னுச்சு. அவ்வளவுதான்.

ஒரு தவளை போய் அந்தச் சின்ன வாலுக்குப் பின்னால நின்னுச்சு. அப்புறம் நண்டு. அப்புறம் கூட்டமே போச்சு. ஆமை மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு.

தலைவருக்கு உற்சாகம் பொத்துக்கிச்சு. "இப்பொழுதே புறப்படுவோம்!"

"ஐயா, இப்ப வேணாம். வெயில் தாழட்டும்"னுச்சு அக்கா.

"தலைவர் நானா, நீங்களா?"ன்னு கேட்டுட்டுப் பாறையில ஒரு கால வெச்சுச்சு. அடுத்த கால வெச்சுச்சு.

"ஐயய்யோ! அம்மாடி! சுடுதே! யாராவது தண்ணி ஊத்துங்களேன்!"

செந்தமிழ் எல்லாம் எந்தப் பக்கம் ஓடுச்சுன்னே தெரியல. ஒத்தக் கால்ல குதிச்சுக்கிட்டே குட்டைக்கு வந்து விழுந்துச்சு.

"பாறை இப்படிச் சுடும்னு ஒருத்தராச்சும் சொன்னீங்களா?"

"நீங்க மேகத்தப் பத்தித்தானே கேட்டீங்க?"ன்னுச்சு நண்டு. "பாறையப் பத்திக் கேட்டிருந்தா நாங்க எல்லாரும் பாஸு!"

கூழைக்கடா முழிச்சுச்சு. அப்புறம் தன்னையே நெனச்சுச் சிரிச்சுச்சு. பை அப்படியும் இப்படியும் ஆடுச்சு.

வெயில் தாழ்ந்ததும் கெளம்பினாங்க. கூழைக்கடா அலகு நெறையத் தண்ணி மொண்டுச்சு. தலப்பிரட்டைங்கள அதுக்குள்ள விட்டாங்க. பின்னால தவளைங்க, நண்டு, ரொம்பப் பின்னால ஆமை.

பாறை முடியிற எடத்துல வழி ரெண்டாப் பிரிஞ்சுச்சு. ஒரு பக்கம் பசபசன்னு புல்லு. தவளைங்க அங்க தத்தப் பாத்துச்சு. கூழைக்கடா தலைய ஆட்டுச்சு. வாயத் தொறக்க முடியாதே! காலால மண்ண ஒதைச்சுச்சு, றெக்கையால மறிச்சுச்சு. புல்லுக்கு அந்தப் பக்கம் செங்கச் சூளை புகையிறத அது பறந்தப்ப மேல இருந்து பாத்திருந்துச்சு.

"தலைவர் வேணாம்கிறாருடி. நடங்க!"ன்னுச்சு அக்கா. எல்லாரும் வாலப் பாத்து நடந்தாங்க.

ஏரிக்கரையில கூழைக்கடா அலகச் சாய்ச்சுச்சு. பொளக் பொளக்னு தலப்பிரட்டைங்க தண்ணியில குதிச்சுச்சுங்க. அக்காவும் கூடவே குதிச்சு ஒவ்வொண்ணா மோந்து பாத்துச்சு.

கூழைக்கடா மேட்டுல ஏறி நின்னுச்சு. "க்ர்ர்ஹூம்! அன்பார்ந்த..."

"ஐயா, வாய மூடுங்க!"ன்னு அக்கா அலறுச்சு. "உள்ள இன்னும் ஒண்ணு இருக்கு!"

மூடிக்கிச்சு. மெதுவாக் குனிஞ்சு அதையும் தண்ணியில விட்டுச்சு. நண்டு ரெண்டு கொடுக்கையும் தட்டுச்சு. "யக்கா, இதுவர கேட்டதுலயே இதுதான் நல்ல பேச்சு!"

ஓட்டுப் போட ஊரு ஒலகமெல்லாம் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல, பாறையில நடக்கப் போறவன் ஒவ்வொருத்தனுக்கும் ஓட்டு இருக்கணும், ஆனா நெழலப் பாத்து நிக்காம, "எங்ககூடக் கடைசி வரைக்கும் நடப்பியா?"ன்னு கேட்டுட்டு நிக்கணும்.